மேல்நோக்கி

ராத்திரி பத்தே முக்காலுக்கு
பாண்டுப்பில் எங்கள் கட்டிடத்துக்குத் தண்ணீர் நின்றுவிடும்.
அதற்கு முந்தைய கால் மணி நேரம்
குளியலறைத் தாழ்ப்பாள் என்னுடையது.
வீட்டில் தாழ்ப்பாள் உள்ள கதவு இரண்டுதான்.
மற்றது நடைபாதையைப் பார்த்தது.

வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து
நைட்டியை இடுப்புவரை சுருட்டி
தொடையை பல்புக்குக் காட்டுகிறேன்.
குழி குழியாக,
மாவு ஊற்றாத பணியாரச் சட்டி.

செல்லுலைட் என்று அதற்கு ஒரு பெயர் இருப்பது
நாற்பத்தாறு வயதுவரை எனக்குத் தெரியாது.
ஹேமாங்கிதான் சொன்னாள்,
லேடீஸ் டப்பாவில், காட்கோபர் தாண்டி,
மடியில் பட்டாணி உரித்தபடி:
எண்ணெய் போட்டு முட்டியிலிருந்து மேலே தேய்.
எப்போதும் இதயத்தைப் பார்த்துத்தான்.
கீழ்நோக்கி மட்டும் வேண்டாம்.
நாலாவது ஸீட்டில் தொங்கிக்கொண்டிருந்தவள் கேட்டாள்,
இதயம் எந்த ஸ்டேஷன்,
ஸ்லோ வண்டி நிற்குமா?

தேங்காயெண்ணெய் இரண்டு கரண்டி.
ஃபில்டரில் மிஞ்சிய காப்பித்தூள் ஒரு பிடி.
முதல் வாரம் நீலம் பாய்ந்துவிட்டது.
எனக்குப் பணம் தரவேண்டிய யாரையோ
உலுக்குவதுபோல் அழுத்தியிருக்கிறேன்.
அப்புறம் கைக்கே புரிந்தது.
கட்டைவிரல் கொஞ்சம்,
மடக்கிய விரல்முட்டி கொஞ்சம்,
உள்ளங்கை நிறைய.

சப்பாத்திக் கட்டையால் உருட்டலாம் என்று
எனக்கேதான் தோன்றியது.
கழுவித்தான் வைத்தேன், சத்தியமாக.
பத்தாம் நாள் ஷெரின் தட்டை முகர்ந்தாள்.
அம்மா, சப்பாத்தியில் ஏன்
தலைக்கு வைக்கிற எண்ணெய் வாசம்?
சாலமோன் மூன்றாவதை மென்றபடி
நல்லாத்தானே இருக்கு என்றார்.

மறுநாள் ஸ்டேஷன் ரோட்டில்
பாத்திரக்காரரிடம் ஒரு கட்டை கேட்டேன்.
வீட்டில் எத்தனை பேர் என்றார்,
அளவு பார்த்துத் தர.
எனக்கு மட்டும் என்றேன்.
சொன்ன பிறகுதான் உறைத்தது,
இந்த ஊரில் இருபத்திரண்டு வருஷத்தில்
எந்தக் கடையிலும் இப்படிச் சொன்னதில்லை.
அறுபது ரூபாய். பேரம்கூடப் பேசவில்லை.

டெய்லர் டேப்பில்
இருபத்துமூன்றேகால் அங்குலம்.
ஆறு வாரம் கழித்தும்
இருபத்துமூன்றேகால்.
நடுவில் ஒருநாள் தோல் வழவழவென்றிருந்தது,
எண்ணெயின் உபயம்.
விடிந்ததும் எல்.பி.எஸ். ரோடு மாதிரி ஆகிவிட்டது:
ஜூலையில் ஜல்லி கொட்டி மூடுவார்கள்,
அடுத்த மழைக்கு அதே இடத்தில் அதே குழி,
ஆட்டோக்காரர்களுக்கு அது மனப்பாடம்.

ஹேமாங்கியிடம் சொன்னேன்.
எனக்கும் போகவில்லை என்றாள்,
பட்டாணியிலிருந்து கண்ணெடுக்காமல்.
நாலு வருஷமாகத் தேய்க்கிறாளாம்.

ஆனால் மஸ்ஜித் பந்தர்வரை நின்றே போன கால்
ராத்திரியில் இப்போது துடிப்பதில்லை.
அப்புறம், இடது தொடைக்குப் பின்னால்
விரலில் ஒரு தழும்பு தட்டுப்பட்டது.
நெல்மணி நீளம், மேடு தட்டியது.
எப்போது, எதில் கிழித்தது?
கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தேன்.
யோசித்துப் பார்த்தேன்.
சாலமோனும் சொன்னதில்லை.
அவர் பார்க்கும்போது விளக்கு இருந்ததில்லை.
எனக்குத் தெரியாமலே
எனக்கு நடந்த ஒன்று.
அங்கே மட்டும் மெதுவாகச் சுற்றுகிறேன்.

குளோரி, தண்ணி போயிடும், என்கிறது கதவு.
போகட்டும் என்கிறேன்.
வலது கால் இன்னும் பாக்கி.

குழாய் இரண்டு தடவை இருமி
அடங்குகிறது.
கையெல்லாம் எண்ணெய், காப்பித்தூள்.
கழுவ வழியில்லை.
நைட்டியில் துடைத்துக்கொண்டு
தாழ்ப்பாளை இழுக்கிறேன்.
வழுக்குகிறது.
மறுபடி இழுக்கவில்லை,
வாளிமேல் உட்கார்ந்துகொள்கிறேன்.